ஒரே நாளில் வேண்டாம்

ஆசிரியருக்கு,

மைக்ரோசாப்டின் 'ஹேலோ' வீடியோ விளையாட்டு, போட்டியாளரான சோனியின் பிளேஸ்டேஷனுக்கும் (டிவியில் இணைத்து விளையாடும் கன்சோல்) வரவிருப்பதாகத் தங்கள் இதழில் வந்த செய்தியைப் படித்தேன். அந்தச் சூட்டிலேயே, சோனிக்குச் சொந்தமான இன்சோம்னியாக் என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனமும் தன் விளையாட்டுகளை எல்லாக் கருவிகளுக்கும் ஒரே நாளில் வெளியிட வேண்டும் என்ற பேச்சு எழுகிறது. எல்லோருக்கும் கிடைக்கட்டும், சரி. ஆனால் ஒரே நாளில் வேண்டாம் என்பேன். 2021இல் வந்த அவர்களுடைய 'ராச்செட் அண்ட் கிளாங்க்: ரிஃப்ட் அபார்ட்' விளையாட்டில் ஓர் உலகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கண் இமைப்பதற்குள் தாவலாம். பிளேஸ்டேஷன் 5இன் வேகமான எஸ்எஸ்டி சேமிப்பகத்தை மனத்தில் வைத்தே அதைக் கட்டினார்கள். பழைய ஹார்ட் டிஸ்க் கணினிகளையும் முதல் நாளே கணக்கில் எடுத்திருந்தால் இந்தத் துணிச்சல் வந்திருக்குமா? 2023இல் கணினிக்கும் வந்தது, யாருக்கும் நட்டமில்லை. (இதே நிறுவனம் 2013இல் சோனியின் பிளேஸ்டேஷன், மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் ஆகிய இரு கன்சோல்களுக்கும் சேர்த்துச் செய்த 'ஃபியூஸ்' விளையாட்டு இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?)

பிரச்சினை காத்திருப்பதில் இல்லை, எவ்வளவு காலம் என்று தெரியாததில்தான். ஒரேயொரு விளையாட்டுக்காக என் மகன் அடம்பிடித்து கன்சோல் வாங்கினான். சில ஆண்டுகளில் அது அவனுடைய கல்லூரிக் கணினியிலேயே ஓடியது. கன்சோல் இப்போது அலமாரி மேல் தூசியோடு கிடக்கிறது. எனவே மற்றக் கருவிகளுக்கு எப்போது வரும், அல்லது வரவே வராதா என்பதை வெளியீட்டு நாளிலேயே அட்டையில் அச்சிடட்டும்.

— வாசகர், திருச்சி