ஜோகன்னஸ்பர்க்கில் இருக்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெங்களூரிலிருந்து வேலைக்கு ஆஃபர் வந்திருக்கிறது, போவதா, இங்கேயே டேட்டா சென்டர் வேலையில் இருப்பதா என்று தெரியவில்லை என அம்மாவிடம் சொன்னாயாம். "ஆப்பிரிக்காவில் டேட்டா சென்டர் கட்டி யாருக்காக ஓட்டப்போகிறார்கள்?" என்று பெரியப்பா கேட்டதும் உன் காதுக்கு எட்டிவிட்டதாம். போனில் பேசினால் உனக்கு ஷிஃப்டுக்கு நேரமாகிவிடும், அதனால் எழுதுகிறேன்.

ஸ்ட்ரைவ் மசியிவா என்ற பெயரை நீ அங்கே கேட்காமல் இருக்க முடியாது. எனக்கு அவர்மேல் தனிப் பிரியம். அவரும் என்னைப் போல டெலிபோன் இலாகாவில் இருந்தவர். ஜிம்பாப்வேக்காரர். சின்ன வயதிலேயே குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போய், பிரிட்டனில் மின் பொறியியல் படித்து, 1984-ல் ஊர் திரும்பி, அரசு தபால் தொலைபேசிக் கழகத்தில் இன்ஜினியராகச் சேர்ந்தார். அங்கே கனெக்‌ஷனுக்கு எழுதிக் கொடுத்தவர்கள் வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தார்கள்.

அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் எக்ஸ்சேஞ்சில் ஒரு நீள ரிஜிஸ்டர் இருந்தது. கூடுதல் முன்பணம் கட்டுகிற ஓ.ஒய்.டி. திட்டத்துக்கு ஒரு வரிசை, சாதாரண மனுவுக்கு ஒரு வரிசை. வெற்றிலை மண்டிக்காரர் ஒருவர் மாதாமாதம் வருவார். தன் பெயருக்கு மேலே இன்னும் எத்தனை பேர் என்று விரல் வைத்து எண்ணிப் பார்ப்பார். சத்தம் போட மாட்டார், எண்ணி முடித்ததும் ரிஜிஸ்டரை மூடி வைத்துவிட்டுப் போவார். இப்படிக் காத்திருப்பவர்களை ஏழைகள் என்று மசியிவா ஒதுக்கவில்லை. காசு கொடுத்துப் பேசத் தயாராக இருக்கும் வாடிக்கையாளர்களாகத்தான் பார்த்தார்.

1993-ல் செல்போன் கம்பெனி ஆரம்பிக்கப் போனார். தொலைபேசி அரசின் ஏகபோகம், உனக்கு உரிமை கிடையாது என்றார்கள். வழக்குப் போட்டார். அந்த வழக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மெய் சிலிர்க்கிறது, பாப்பா. வியாபார உரிமையை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் தோற்றிருப்பார். அவர் தரப்பு கையில் எடுத்தது அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, கருத்துச் சுதந்திரம். ஒருவர் சொல்லவும் கேட்கவும் வழியாக இருக்கிற போனை அரசே வைத்துக்கொண்டு, அதையும் ஜனங்களுக்கு ஒழுங்காகக் கொடுக்காவிட்டால், பேச்சுரிமையே அடிபடுகிறது என்பது வாதம். 1995-ல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. டெலிபோன் இலாகாவிலேயே காலம் கழித்த எனக்கு, நாங்கள் இழுத்த ஒவ்வொரு லைனுக்கும் இப்படி ஓர் அர்த்தம் உண்டு என்று சொன்னது எங்கோ ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் இருந்த ஒரு கோர்ட்டுதான்.

அரசு அதோடு விடவில்லை. 1996-ல் ஜனாதிபதி முகாபே அவரைத் தடுக்க அவசர ஆணை போட்டார், அடுத்து லைசென்ஸ் வேறு கம்பெனிக்குப் போனது, மறுபடியும் கோர்ட். ஒருவழியாக 1998-ல் எக்கோனெட் என்ற அவருடைய செல்போன் கம்பெனி ஓடத் தொடங்கியது. இரண்டே வருஷத்தில், 2000-த்தில், அவர் நாட்டை விட்டே கிளம்ப வேண்டியதாயிற்று. அதன் பிறகு அங்கே குடியிருக்கத் திரும்பவில்லை.

சொந்த ஊரே துரத்திய ஒருவர் லண்டனில் உட்கார்ந்துகொண்டு, ஆப்பிரிக்காவில் எதுவும் நடக்காது என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் போட்ஸ்வானாவில் கட்டினார், நைஜீரியாவில் கட்டினார். 2001-ல் நைஜீரியாவில் முதன்முதலில் ஜி.எஸ்.எம். செல்போன் சேவை தந்த கம்பெனிகளில் எக்கோனெட்டும் ஒன்று. அது கைவிட்டுப் போனது. லஞ்சம் கொடுக்க மறுத்ததுதான் காரணம் என்று அவர் சொல்லியிருக்கிறார். பல கை மாறி இன்றைக்கு ஏர்டெல் நைஜீரியாவாக இருப்பது அந்தக் கம்பெனிதான். அம்மா போனில் இருக்கிற அதே ஏர்டெல்!

அப்புறம் கண்ணாடி இழைக் கேபிள். நாடு நாடாக எல்லை தாண்டி, ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் அவர் குழுமம் போட்டிருக்கிறது. கேபிள் பதிப்பது எவ்வளவு பொறுமை கேட்கும் வேலை என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம், சின்னப் பிள்ளையில் என்னோடு குழி பார்க்க வந்தவள் நீ. 2025 மார்ச்சில் அவருடைய கசாவா டெக்னாலஜீஸ், என்விடியா சிப்களை வைத்துத் தென்னாப்பிரிக்காவில் ஏ.ஐ. கம்ப்யூட்டர் மையம் அமைப்பதாக அறிவித்தது. அடுத்து எகிப்து, கென்யா, மொராக்கோ, நைஜீரியா. ஷோனா, ஸ்வாஹிலி, ஹவுசா என்று ஆப்பிரிக்க மொழிகளில் ஏ.ஐ. வேலை செய்கிற பையன்கள் கம்ப்யூட்டர் நேரத்துக்காக இன்னொரு கண்டத்தில் போய்க் கையேந்தாமல் இருக்க வேண்டாமா? பெரியப்பாவின் கேள்விக்கு என் பதில் அதுதான்: அவர்களுக்காகத்தான் ஓட்டுகிறார்கள்.

சம்பளம் பார்த்து நீ பெங்களூரு வந்தால் எனக்கு வருத்தமில்லை, வீட்டுக்குப் பக்கம் என்று அம்மா சந்தோஷப்படுவாள். ஆனால் அங்கே ஒன்றும் உருப்படாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு மட்டும் வராதே. அதை நம்பாத ஒரு மனுஷர் 1993-லிருந்து அங்கே கட்டிக்கொண்டிருக்கிறார், அந்த வேலையில் நீயும் ஒரு கை வைத்திருக்கிறாய் என்பது எனக்குப் பெருமை.

கரண்ட் கட் ஆகும்போது உங்கள் சென்டரில் பேட்டரி எத்தனை நிமிஷம் தாங்குகிறது, ஜெனரேட்டருக்கு எத்தனை நாள் டீசல் இருப்பு வைக்கிறார்கள்? விவரமாக எழுது.

அன்புடன்,
அப்பா