கலவைத் தீனிப் பையை ஏன் நிறுத்தினோம்?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்தக் குளிர்காலத்தில் எங்கள் கடையில் பின்வளவுப் பறவைகளுக்குப் போடும் மலிவான கலவைத் தீனிப் பை இருக்காது. கறுப்புச் சூரியகாந்தி விதை, பனிவரகு, பேயெள்ளு (நைஜர் விதை), உப்பில்லாத கச்சான் ஆகியவற்றைத் தனித்தனியே நிறுத்துத் தருகிறோம். கிலோ விலை கூடத்தான். காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

மலிவுப் பையில் பெரும்பகுதி 'மைலோ' எனப்படும் சிவப்பு இறுங்கும் கோதுமையும்தான். ரொறன்ரோப் பின்வளவுகளுக்கு வரும் சிக்கடியோ கார்டினலோ இறுங்கைத் தேடி வருவதில்லை. சூரியகாந்தி விதை அகப்படும்வரை மற்றதையெல்லாம் அலகால் தள்ளிவிடும். தள்ளியது கீழே பனியில் ஊறிப் பூஞ்சணம் பிடிக்கும், இரவில் எலியை அழைக்கும். பறவைகள் வீணாக்குகின்றன என்று பலர் முறையிட்டீர்கள். அவற்றுக்கு வேண்டாததை நாங்கள் விற்றோம் என்பதே உண்மை.

சூரியகாந்தியில் கோடு போட்ட பெரிய விதையை வாங்காதீர்கள், அதன் கோது தடிப்பு. கறுப்பு விதையின் மெல்லிய கோதைச் சிறிய அலகும் உடைக்கும், உள்ளே கொழுப்பும் அதிகம். அந்தக் கொழுப்புத்தான் முக்கியம். சிக்கடி பத்துப் பன்னிரண்டு கிராம் எடையுள்ள பறவை. கடுங்குளிர் இரவில் உடல் வெப்பத்தைப் பத்துப் பாகை அளவுக்குக் குறைத்து, பகலில் சேர்த்த கொழுப்பை எரித்தே விடியும்வரை தாக்குப்பிடிக்கிறது. ஆகவே பொழுதுபட ஒரு மணி நேரம் முன்பும், விடியற்காலையிலும் ஃபீடரில் (தீனி போடும் கூட்டில்) தீனி இருக்கப் பாருங்கள். கார்டினல் வருவதும் பெரும்பாலும் அந்த மங்கல் வெளிச்சத்தில்தான்.

பேயெள்ளு கோல்ட்ஃபிஞ்ச் குருவிக்கு. சிறு கீறல் துளையுள்ள தனி ஃபீடர் வேண்டும், சாதாரண ஃபீடரில் ஒழுகிவிடும். இந்த விதை முளைக்காதபடி வெப்பமூட்டி வருவது, கெதியில் காய்ந்தும் போகும். வெள்ளைக் கடதாசியில் வைத்து நகத்தால் நசுக்குங்கள். எண்ணெய்க் கறை படியாவிட்டால் பறவை தொடாது. ஒரு கிலோவுக்கு மேல் ஒரேயடியாக வாங்கவேண்டாம்.

ஜுங்கோ தரையில் பொறுக்கும் பறவை. உயரத்தில் மாட்டிய அகன்ற தட்டில் ஒரு கைப்பிடி பனிவரகு, அன்றன்றே தின்று முடிகிற அளவுக்குப் போடுங்கள். மாட்டுக் கொழுப்புக் கட்டி வேண்டாம் என்ற வீடுகளில் உப்பில்லாத கச்சானைக் கம்பிவலை ஃபீடரில் போட்டால் மரங்கொத்தியும் ப்ளூ ஜேயும் வரும். மிக்சர், பொரித்த கச்சான், பாண், சோறு எதுவும் வேண்டாம். பாணும் சோறும் வயிற்றை நிரப்பும், கொழுப்பைத் தராது, புறாவையும் எலியையும் கூட்டிவரும். ரொறன்ரோவில் 2023 முதல் புறாவுக்கும் காட்டு விலங்குகளுக்கும் தீனி போடத் தடையும் இருக்கிறது. உயரத்தில், துப்பரவாக வைத்த ஃபீடரில் பாட்டுப்பறவைகளுக்குப் போடலாம். தொடர்மாடியில் இருப்பவர்கள் முதலில் கட்டட நிர்வாகத்தைக் கேளுங்கள்.

அணிலுக்கு இந்தக் கணக்கு: நிலத்திலிருந்து ஐந்தடி மேலே பாயும், பக்கவாட்டில் ஏழடி, மேலிருந்து கீழே ஒன்பதடி. ஃபீடர் மாட்டும் கம்பத்தை மரம், வேலி எல்லாவற்றிலிருந்தும் பத்தடி தள்ளி நட்டு, ஐந்தடி உயரத்துக்கு மேல் கூம்புத் தடுப்பு மாட்டுங்கள். கம்பம் மரத்தடியில் நின்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய தடுப்பும் உதவாது.

யன்னல் விடயத்தில் தயவுசெய்து கவனம் எடுங்கள். ஃபீடர் கண்ணாடிக்கு ஒரு மீற்றருக்குள் இருக்கட்டும். பறவை வெருண்டு பறந்து கண்ணாடியில் மோதினாலும் அந்தத் தூரத்தில் வேகம் பிடிக்காது. பல மீற்றர் தள்ளி இருந்தால்தான் ஆபத்து அதிகம். கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் ஐந்து சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி ஒட்டுங்கள். ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டிப் பயனில்லை.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழற்றிச் சவர்க்காரத்தால் கழுவி, ஒரு பங்கு பிளீச், ஒன்பது பங்கு தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, அலசி, நன்றாகக் காய்ந்த பிறகே நிரப்புங்கள். ஈரம் இருந்தால் விதை கட்டிபட்டுப் புளிக்கும். கண் வீங்கி ஒட்டிய ஹவுஸ் ஃபிஞ்சையோ, சிலிர்த்தபடி அசையாமல் இருக்கும் பைன் சிஸ்கினையோ கண்டால், உடனே ஃபீடரை இறக்கிக் கழுவி இரண்டு கிழமை மூடிவையுங்கள். அந்த நோய்கள் ஃபீடரில்தான் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தொற்றும். ஆரோக்கியமான பறவைகள் அதற்குள் பட்டினி கிடக்கமாட்டா, அவை பெரும்பகுதி இரையை இயற்கையிலிருந்தே எடுக்கின்றன.

பழைய கலவைப் பை வீட்டில் இருந்தால் முகர்ந்து பாருங்கள். பூஞ்சண மணம் அடித்தால் குப்பையில் போடுங்கள். பிரிக்காத பையைக் கொண்டுவந்தால் சூரியகாந்தி விதையாக மாற்றித் தருகிறோம்.

அன்புடன்,
கடையினர்