அவையின் கணக்கை யார் கேட்பது? சபாநாயகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு சபாநாயகர்களுக்கும் நாடாளுமன்றச் செயலகங்களை நடத்தும் உயர் அலுவலர்களுக்கும்,

வணக்கம். அரசின் செலவுகளை வரிக்கு வரி துருவிக் கேட்கும் அவைகள், தம் சொந்தச் செலவைப் பற்றிப் பிறர் கேட்டால் மட்டும் சிறப்புரிமையைக் காட்டி ஒதுங்கிக்கொள்வது பொருத்தமாக இல்லை. அவைக்கு நிதித் தன்னாட்சி வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. தன்னைக் கேள்வி கேட்கும் குழுக்களுக்கு எத்தனை ஆய்வாளர்கள் என்பதை நிதியமைச்சகமே முடிவு செய்தால் கேள்வியின் கூர்மை தானாகவே மழுங்கிவிடும். ஆனால் தன்னாட்சி கூடக்கூட, கணக்குக் காட்டும் பொறுப்பும் கூடவே வேண்டும்.

பிரிட்டனின் அனுபவம் இதற்குப் போதுமான பாடம். உறுப்பினர்களின் செலவுக் கோரிக்கைகளை வெளியிடாமலிருக்க மக்களவை உயர் நீதிமன்றம் வரை சென்று 2008இல் தோற்றது. மறு ஆண்டு அந்தக் கோரிக்கைகள் நாளேட்டில் கசிந்தபோது, குளத்து வாத்துகளுக்குச் சிறு வீடு வாங்கிய ரசீதுகூட அவற்றில் இருந்தது. அந்தத் தொகை வழங்கப்படவில்லை என்பது வேறு விஷயம். கேட்கலாம் என்று ஒருவருக்குத் தோன்றியதே அந்த நிர்வாகத்தின் நிலையைச் சொல்லிவிடுகிறது. சபாநாயகர் பதவி விலகினார்; உறுப்பினர்களின் செலவுகளை முறைப்படுத்தும் பொறுப்பு 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே ஒரு தனி அமைப்புக்குப் போனது. முன்பே தாமாக வெளியிட்டிருந்தால் இவ்வளவு அவமானம் நேர்ந்திருக்காது.

அவை நடைமுறையில் கரைகண்ட ஒருவருக்கு ஒப்பந்தப்புள்ளி, கட்டடப் பராமரிப்பு, பணியாளர் நிர்வாகம் ஆகியவையும் கைவந்திருக்கும் என்று எதிர்பார்ப்பதும் சரியல்ல. அதே பிரிட்டன் மக்களவையின் நிர்வாகத்தை 2014இல் ஆராய்ந்த குழு, அவை நடைமுறையில் ஆலோசனை சொல்லும் தலைமை எழுத்தருடன் நிர்வாகத்துக்கென ஒரு தலைமை இயக்குநரும் வேண்டும் என்று பரிந்துரைத்தது. கனடாவில் அவையின் நிதியையும் நிர்வாகத்தையும் கவனிக்கும் உள்பொருளாதார வாரியத்தின் கூட்டங்கள், 2017 முதல் பொதுவாக மக்கள் பார்வைக்குத் திறந்தே நடக்கின்றன. பணியாளர் விவகாரம், பாதுகாப்பு போன்றவற்றுக்கே கதவு சாத்தப்படுகிறது.

எனவே தங்களிடம் கேட்பது இவைதான். அவையின் வரவு செலவுத் திட்டத்தை முடிவு செய்யும் குழுவில் எதிர்க்கட்சியினருக்கும் உண்மையான இடம் கொடுங்கள். அதன் நடவடிக்கைக் குறிப்புகளை வெளியிடுங்கள். செயலக நியமனங்களைத் தகுதித் தேர்வின்படி செய்யுங்கள். வாகனங்களுக்கும் அலங்காரப் பணிகளுக்கும் ஒதுக்கும் முன், மசோதாக்களைப் படித்து விளக்கக்கூடிய ஆய்வாளர்கள் குழுக்களில் போதிய அளவு இருக்கிறார்களா என்று பாருங்கள். அடுத்த ஆண்டுக்கான நிதிக் கோரிக்கையை அவையில் வைக்கும் நாளில், வெளித் தணிக்கையாளர் சான்றளித்த சென்ற ஆண்டுக் கணக்கையும் அதனுடன் சேர்த்தே வையுங்கள்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் ஒரு வாக்காளர்