எங்கள் மகளோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

எங்கள் மகள் இந்த ஆண்டு இறுதித் தேர்வை வகுப்பறையிலேயே, மற்ற பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதி முடித்தாள். சென்ற ஆண்டு இதே சமயத்தில் அவளால் வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை. இந்த இரண்டுக்கும் நடுவே எங்களைத் தாங்கிப் பிடித்தவர்கள் பலர். பார்க்கும்போதெல்லாம் நன்றி சொல்லியிருக்கிறோம். எதற்கு நன்றி என்பதை விவரமாகச் சொல்ல மட்டும் நேரம் வாய்க்கவே இல்லை. நானும் என் கணவரும் சேர்ந்து யோசித்து, எல்லோரும் படிக்கும்படியே எழுதிவிடலாம் என்று முடிவு செய்தோம். அவளுக்கு வந்த பான்ஸ் என்ற நோயோடு போராடிக்கொண்டிருக்கும் வேறொரு பெற்றோரின் கண்ணில் பட்டால், யாரிடம் எந்த உதவியைக் கேட்கலாம் என்றாவது அவர்களுக்குத் தெரியட்டும்.

நோயைப் பற்றி அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியால் குழந்தைகளுக்குத் தொண்டைப் புண்ணும் காய்ச்சலும் வருவது சாதாரணம். அந்தக் கிருமியை எதிர்க்க உடல் ஆன்டிபாடிகள் என்ற எதிர்ப்புப் புரதங்களை உண்டாக்குகிறது. மிகச் சில குழந்தைகளுக்கு அவை ஆள் மாறி, மூளையில் அசைவுகளையும் பழக்கங்களையும் சீர்படுத்தும் பேசல் கேங்கிலியா என்ற பகுதியைத் தாக்கிவிடுகின்றன என்பது ஆய்வாளர்களின் கருத்து. 1998இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தின் சூசன் ஸ்வீடோவும் அவருடைய குழுவினரும் இப்படிப்பட்ட 50 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதி, பாண்டாஸ் என்று பெயர் வைத்தார்கள். வேறு தொற்றுகளாலும் இத்தகைய பாதிப்பு வரலாம் என்பதால் 2012இல் பான்ஸ் என்ற அகலமான பெயரும் வந்தது. அடையாளம் ஒன்றுதான்: திடீர். நேற்று வரை விளையாடிய குழந்தை இன்று எழுந்திருக்கும்போது ஓயாத பயத்திலும், செய்ததையே செய்யும் கட்டாயத்திலும், சாப்பிட மறுக்கும் பிடிவாதத்திலும் இருக்கும்.

எங்கள் மகளுக்கு 8 வயது. தொண்டைவலி ஆறி, பள்ளிக்குப் போய்வந்துகொண்டிருந்தவள் ஒரு காலையில் தன் எச்சிலை விழுங்க மறுத்தாள். அதில் விஷம் இருக்கிறதாம். கைக்குட்டை கைக்குட்டையாகத் துப்பினாள். மாலைக்குள் தண்ணீரையும் மறுத்துவிட்டாள். இரவு முழுக்க ஒரே கேள்வி: "அம்மா, நான் விழுங்கிவிட்டேனா? எனக்கு ஒன்றும் ஆகாதே?"

குழந்தைகள் நல மருத்துவருக்குத்தான் முதல் நன்றி. டாக்டர், உங்களிடம் வருவதற்கு முன்பு நாங்கள் போன இடத்தில், வீட்டில் கண்டிப்பு குறைவா, கணவன் மனைவிக்குள் சண்டையா என்றெல்லாம் விசாரித்துவிட்டு எங்களை அனுப்பிவைத்தார்கள். நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "எந்த நாளில் தொடங்கியது?" என்பது. தேதியைச் சொன்னேன். "இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறீர்களே, அப்படியென்றால் இது முக்கியம்" என்று சொல்லி நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். ஒரு தாய் சொல்வதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம் என்று நீங்கள் நினைத்த அந்த நொடியில்தான் எங்களுக்கு மூச்சு வந்தது.

அவளை நிற்கவைத்து, கண்களை மூடி இரு கைகளையும் முன்னால் நீட்டச் சொன்னீர்கள். அவள் அசைக்காமலே விரல்கள் ஒவ்வொன்றாகத் துடித்தன. நாங்கள் அதுவரை கவனித்திராத ஒன்று. ருமாட்டிக் காய்ச்சலோடு வரும், கைகால்கள் நம் கட்டுப்பாடின்றி அசையும் சிடன்ஹாம் கொரியா என்ற நோயாக இருக்குமோ என்று இதயத்தையும் பரிசோதிக்க வைத்தீர்கள். மூளை அழற்சி, வலிப்பு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து விலக்கினீர்கள். ஸ்ட்ரெப்டோகாக்கஸை எதிர்க்கும் ஆன்டிபாடியை ரத்தத்தில் அளக்கும் ஏஎஸ்ஓ பரிசோதனையில் அளவு கூடியிருந்ததும் நாங்கள் "உறுதியாகிவிட்டதா?" என்று துள்ளினோம். நீங்கள் அவசரப்படவில்லை. அந்த அளவு எப்போதோ தொற்று இருந்தது என்பதைத்தான் காட்டும், சில வாரம் கழித்து மறுபடி எடுத்து ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தால்தான் பொருள் உண்டு, அப்போதும் இந்த ஒரே பரிசோதனையை வைத்து நோயை முடிவுகட்ட முடியாது என்று பொறுமையாக விளக்கினீர்கள். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லும் மருத்துவரிடம் பிள்ளையை ஒப்படைப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. வீட்டில் எல்லோருடைய தொண்டையையும் பரிசோதிக்கச் சொன்னதும் நீங்கள்தான். எந்தத் தொந்தரவும் இல்லாத எங்கள் மகனின் தொண்டையில் அதே கிருமி இருந்தது.

ரத்தம் எடுத்த செவிலியர் சகோதரிக்கு: யார் தொட்டாலும் அலறிய குழந்தையிடம் நீங்கள் உறையைப் பிரிக்காத கையுறையை நீட்டி, "நீயே பிரி" என்றீர்கள். எந்தக் கை என்பதையும் அவளிடமே விட்டீர்கள். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. அவள் "சரி" என்று சொல்லும்வரை ஊசியை எடுக்கவில்லை. இன்றும் ஊசி என்றால் உங்களைத்தான் கேட்கிறாள்.

வகுப்பு ஆசிரியைக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை, டீச்சர். நாங்கள் விவரம் சொல்ல வந்தபோது நீங்கள் ஏற்கெனவே அவளுடைய இரண்டு நோட்டுகளை எடுத்து வைத்திருந்தீர்கள். ஒன்றில் எழுத்துகள் கோட்டின் மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தன. அடுத்த வாரத்து நோட்டில் அதே எழுத்துகள் பெரிதும் சிறிதுமாக, கோட்டை விட்டு இறங்கி, ஓரக்கோட்டையும் தாண்டிப் போயிருந்தன. கூட்டல் கணக்கில் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்று நிற்கவே இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அழித்து அழித்துத் தாள் கிழிந்திருந்தது. "எழுத்தில் அக்கறை இல்லை" என்று சிவப்பு மையில் எழுதியிருந்தால் யாரும் உங்களைக் குறை சொல்லியிருக்க முடியாது. நீங்கள் தேதி போட்டு இரண்டையும் எங்களிடம் கொடுத்து, மருத்துவரிடம் காட்டச் சொன்னீர்கள். கையெழுத்து திடீரென்று சிதைவதும், கணக்கில் பின்தங்குவதும், அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போவதும் இந்த நோயின் அறிகுறிகளில் அடங்கும் என்று மருத்துவர் விளக்கியபோது உங்கள் பெயரைச் சொல்லித்தான் நோட்டுகளைக் காட்டினோம்.

அவள் திரும்பி வந்தபோது நீங்கள் செய்தவற்றை மற்றப் பள்ளிகளும் செய்யலாம், செலவே இல்லாதவை: அனுமதி கேட்காமல் கழிவறைக்குப் போகலாம், எழுத முடியாத நாளில் வாயால் பதில் சொல்லலாம், முதலில் அரை நாள் வந்தால் போதும். வகுப்பில் எந்தக் குழந்தைக்காவது தொண்டைத் தொற்று என்று தெரிந்தால், பெயர் சொல்லாமல் எங்களுக்கு ஒரு தகவல். அடுத்த தொற்று வந்தால் நோய் மறுபடி தலைதூக்கலாம் என்பதால் அந்த ஒரு வரித் தகவல் எங்களுக்கு எவ்வளவு பெரிது என்பது உங்களுக்குத் தெரியும்.

மனநல மருத்துவர் ஐயா, உங்களுக்கு நன்றி சொல்வதைக் கண்டு சிலர் வியக்கலாம். இது பான்ஸ்தானா என்பதில் உங்களுக்குக் கடைசிவரை முழு நம்பிக்கை வரவில்லை, அதை மறைக்கவும் இல்லை. இந்த நோயைப் பற்றி மருத்துவ உலகிலேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதை உங்கள் மூலம்தான் அறிந்தோம். ஆனால் "பெயர் எதுவாக இருந்தாலும் குழந்தை படும் துன்பம் நிஜம்" என்று சொல்லிச் சிகிச்சையைத் தொடங்கினீர்கள். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு மனநல மருந்துகளின் பக்கவிளைவு கூடுதலாக வரக்கூடும் என்று படித்துப் பார்த்து, மிகக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தினீர்கள். குழந்தைகள் நல மருத்துவரும் நீங்களும் மாறுபட்ட கருத்தோடு தொலைபேசியில் பேசி, ஒரே திட்டத்தோடு எங்களிடம் வந்தீர்கள். நோய் இருக்கிறதா இல்லையா என்று வாதம் நடத்துபவர்கள் நடுவே பிள்ளைகள் சிக்கிக்கொண்ட கதைகளை மற்றப் பெற்றோர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம். எங்களுக்கு அது நேரவில்லை. அதற்கு நீங்கள் இருவரும்தான் காரணம்.

உளவியல் ஆலோசகருக்கு. ஆன்டிபயாடிக் வேலை செய்து, அவளால் கொஞ்சம் உட்கார முடிந்த பிறகே நீங்கள் பயிற்சியைத் தொடங்கினீர்கள். பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டு, கை கழுவாமல் பொறுத்திருப்பது. எச்சிலை ஒருமுறை விழுங்கிவிட்டு, யாரிடமும் கேட்காமல் இருப்பது. கேட்க எளிது. அந்தச் சில நிமிடங்களில் அவள் நெற்றியில் வியர்வை கொட்டியதை நீங்களும் நானும் பார்த்தோம். எங்களுக்கும் பாடம் நடத்தினீர்கள். "எனக்கு ஒன்றும் ஆகாதே?" என்று அவள் கேட்கும்போதெல்லாம் "ஆகாது கண்ணே" என்று நாங்கள் பதில் சொல்லச் சொல்ல, நோய் அடுத்த கேள்வியைக் கேட்கும் என்று காட்டினீர்கள். பதிலுக்கு நீங்கள் தந்த வாக்கியம் இன்னும் சமையலறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது: "இதைக் கேட்பது உன் நோய். உன்னோடு நான் பேசுகிறேன், அதோடு பேசமாட்டேன்." முதலில் சொல்லும்போது என் குரல் நடுங்கியது. பிறகு ஒரு நாள் அவளே, நான் வாயைத் திறக்கும் முன்பு, "தெரியும், இது நான் கேட்கவில்லை" என்றாள். அவளுக்கும் நோய்க்கும் நடுவே நீங்கள் கோடு கிழித்துக் கொடுத்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் வெளியே வந்தாள்.

இரவில் தொலைபேசியை எடுத்த அந்த அம்மாவுக்கு. முகம் பார்த்ததில்லை, உங்கள் மகனுக்கு இதே நோய் வந்து தேறியிருந்தது. அவ்வளவுதான் நமக்குள் உறவு. முதல் அழைப்பில் நான் பேசவே இல்லை, அழுதேன். நீங்கள் "அழுங்கள் அக்கா, நான் இருக்கிறேன்" என்று காத்திருந்தீர்கள். பிறகு வேலையைப் பிரித்துச் சொன்னீர்கள். தினமும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள்: காய்ச்சல், தொண்டை, தூக்கம், சாப்பாடு, மருந்து, பயத்துக்கு பத்தில் எத்தனை மதிப்பெண். மருத்துவரிடம் அழாதீர்கள் என்று சொல்லமாட்டேன், ஆனால் அந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்துவிட்டு அழுங்கள். இணையத்தில் பார்த்து நீங்களாக மருந்து கொடுக்காதீர்கள். திடீர் பயம் எல்லாமே இந்த நோய் என்று எண்ணாதீர்கள். நன்றாகி, மறுபடி சரிந்தால், முதல் நாளுக்கே திரும்பிவிட்டதாக நினைக்காதீர்கள். அந்தக் கடைசி அறிவுரை சளிக் காலத்தில் எங்களைக் காப்பாற்றியது. மறுபடி வந்தது. இந்த முறை எங்களுக்கு என்ன செய்வது என்று தெரிந்திருந்தது, சீக்கிரமே தணிந்தது.

என் தங்கைக்கு: நீ எங்கள் மகனைக் கவனித்தாய். எல்லோரும் "குழந்தை எப்படி இருக்கிறாள்?" என்று கேட்டபோது நீ மட்டும் "பெரியவன் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டாய். விடுமுறை நாட்களில் அவனை அழைத்துப்போய், அவன் கோபப்படவும் தூங்கவும் இடம் கொடுத்தாய். தன் தொண்டையில் கிருமி இருந்ததால்தான் தங்கைக்கு இப்படி ஆனதோ என்று அவன் உன்னிடம்தான் கேட்டிருக்கிறான். கிருமி யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அவன் ஒரு குற்றமும் செய்யவில்லை என்று நீ சொன்ன பிறகுதான் மருத்துவரிடம் அவனையும் அழைத்துப்போனோம். அவரும் அதையே சொன்னார்.

நாங்கள் என்றுமே சந்திக்க முடியாத சிலருக்கும் நன்றி சொல்ல வேண்டும். 1999இல் வெளியான ஓர் ஆய்வில், தானமாகப் பெற்ற ரத்தத்தின் ஆன்டிபாடிகளை நரம்பு வழியே செலுத்தும் ஐவிஐஜி சிகிச்சையும், ரத்தத்தின் திரவப் பகுதியை எடுத்து மாற்றும் பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சையும் கடும் பாதிப்புள்ள குழந்தைகளுக்குப் பலன் தருகின்றனவா என்று பார்த்தார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக மருந்தில்லாத திரவம் பெற்றவர்களைவிட, இந்தச் சிகிச்சைகளைப் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள். 2016இல் 35 குழந்தைகளோடு நடந்த ஐவிஐஜி ஆய்வில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. எங்கள் மகளுக்கு இந்தச் சிகிச்சைகள் தேவைப்படவில்லை. ஆனாலும் அந்த எண்களைப் படிக்கும்போது நான் பெற்றோர்களைத்தான் நினைக்கிறேன். பிள்ளை துடித்துக்கொண்டிருக்கும்போது, கிடைப்பது மருந்தா வெறும் திரவமா என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கொடுத்த பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டாலும், அடுத்த மருத்துவர் கவனமாக முடிவெடுக்க அவைதான் உதவுகின்றன. 2017இல் வெளிவந்த சிகிச்சை வழிகாட்டுதல்கள் மனநலம், எதிர்ப்பாற்றல், தொற்று என்று மூன்று பகுதிகளாக இருப்பதை எங்கள் மருத்துவர் காட்டினார். எங்கள் மகளுக்கு அமைந்த சிகிச்சையும் அந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தே அமைந்தது.

வாசலில் பாத்திரத்தை வைத்துவிட்டு மணி அடிக்காமல் போன அண்டை வீட்டாருக்கும், விடுப்பு கேட்டபோது காரணம் கேட்காத என் கணவரின் மேலதிகாரிக்கும், அவள் பேசாவிட்டாலும் வாரம் ஒரு கடிதம் எழுதி அனுப்பிய அவளுடைய தோழிக்கும் எங்கள் வணக்கம்.

மகள் இப்போது நலம். கொஞ்சம் பயம் மிச்சம் இருக்கிறது, சளி பிடித்தால் நாங்களும் விழித்திருக்கிறோம். எங்கள் மருத்துவரிடமும் ஆலோசகரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம்: புதிதாக இந்த நிலையில் வரும் பெற்றோர் விரும்பினால் எங்கள் எண்ணைக் கொடுங்கள். எந்த நேரமானாலும் எடுப்போம்.

நன்றியுடன்,
அவளுடைய அம்மாவும் அப்பாவும்