வீட்டுப்பாடத்தைப் போர்டில் எழுதிப் போடுங்கள், டீச்சர்

தலைமை ஆசிரியை அம்மா அவர்களுக்கும், ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

போன செவ்வாய்க்கிழமை கணக்கு வகுப்பில் என் மகளை வெளியே நிற்க வைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். கூட நாலு பிள்ளைகள் நின்றார்களாம். முந்தின நாள் இரவு 9.40-க்கு வாட்ஸ்அப் குரூப்பில் வந்த வீட்டுப்பாடத்தை இவர்கள் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

எங்களுக்கு ஒரே போன். விடியற்காலை இரண்டரைக்கு நான் காசிமேடு மீன் ஏலத்துக்குக் கிளம்பினால் அதுவும் என்னோடு வந்துவிடும். மீன் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் ஜிபேயில்தான் காசு போடுகிறார்கள். இரவு எட்டரைக்கு நான் படுத்துவிடுவேன். மெசேஜ் எப்போது வரும் என்று தெரியாமல் என் மகள் தலைமாட்டில் போனை வைத்துக்கொண்டு பத்து மணி வரை விழித்திருப்பாள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அவள் அப்பா போகிற விசைப்படகு 61 நாள் கரையில் கட்டிக் கிடந்தது. மீன் வரத்து இல்லாமல் நானும் பாதி நாள் ஏலத்துக்குப் போகவில்லை. பள்ளி திறந்ததும் அந்த நாட்களில்தான். நோட்டும் செருப்பும் வாங்கியதில் 28 நாள் ரீசார்ஜ் முடிந்ததைத் திரும்பப் போட முடியவில்லை. மூணாம் மாடிப் பையனிடம் ஹாட்ஸ்பாட் கேட்டு, இரவில் ஹவுசிங் போர்டு படிக்கட்டில் உட்கார்ந்து எழுதினாள். பதினாலு வயதுப் பெண்பிள்ளை. நான் பக்கத்துப் படியில் தூங்கி விழுந்துகொண்டு காவல் இருந்தேன்.

ஒருநாள் நீங்கள் அனுப்பிய போட்டோவை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக் கணக்கை எழுதினாள். எங்கள் போன் கண்ணாடியில் குறுக்கே ஒரு விரிசல். ஒரு மைனஸ் குறி அதற்குள் மறைந்துவிட்டது. விடை தப்பு. செவ்வாய்க்கு முந்தின இரவு அந்தப் பையன் வீடே பூட்டியிருந்தது.

பள்ளிக்குள் போன் கொண்டு வந்தால் பிடுங்கி வைக்கிறீர்கள். சரிதான், நானும் அதையே சொல்வேன். அப்புறம் சாயங்காலம் அதே போன் இல்லாவிட்டால் படிக்க முடியாது என்றால் எப்படி? பாடத்துக்கென்று கையில் கொடுத்தால், பாடம் முடிந்தும் ரீல்ஸ் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2020-ல் கொரோனாவில் பள்ளியே மூடிக்கிடந்தது. அன்றைக்கு வேறு வழியில்லை, கம்மலை அடகு வைத்துத்தான் இந்தப் போனை வாங்கினோம். இன்றைக்குப் பள்ளி திறந்திருக்கிறது, போர்டு இருக்கிறது, நீங்கள் எதிரிலேயே நிற்கிறீர்கள்.

உங்கள் மேலும் சுமை இருப்பது தெரியும். எமிஸ் என்கிற அரசு ஆப்பில் வருகைப்பதிவு ஏற்றவே நீங்கள் போனோடு போராடுவதை மீட்டிங்குக்கு வந்தபோது பார்த்தேன். வீட்டு வேலையெல்லாம் முடித்துத்தான் ஒன்பதரைக்கு மேல் அனுப்புகிறீர்கள். அந்த நேரம் உங்களுக்கும் ஓய்வு வேண்டாமா?

கேட்பது ஒன்றுதான். சாயங்கால மணி அடிப்பதற்குள் வீட்டுப்பாடத்தைப் போர்டில் எழுதிப் போடுங்கள், பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். குரூப்பிலும் போடுவதாக இருந்தால் போடுங்கள், ஆனால் முதலில் போர்டில். குரூப்பைப் பார்க்காத பிள்ளையை வெளியே நிறுத்தாதீர்கள்.

அன்றைக்கு விட்டுப்போன கணக்குகளை என் மகள் நோட்டில் போட்டு வைத்திருக்கிறாள். தயவுசெய்து ஒருமுறை பார்த்துத் திருத்திக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா,
காசிமேடு