போர் இந்த மண்ணைத் தொடவில்லையா?

ஆசிரியருக்கு வணக்கம்.

போரில் இறந்த கனடியப் படையினருக்கான நவம்பர் 11 நினைவு தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். கனடியர்கள் போரிட்ட வீமி, டியெப், நோர்மண்டி எல்லாம் வந்திருந்தன, நல்லது. ஆனால் இரண்டாம் உலகப் போர் ஐரோப்பாவில்தான் நடந்தது, அது இந்தக் கனடா மண்ணைத் தொடவே இல்லை என்றும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நான் கிரேவன்ஹர்ஸ்டில் ஒரு காஸ் ஸ்ரேசன் நடத்துகிறேன். கோடையில் வெள்ளிக்கிழமை பின்னேரம் என்றால் ஸ்கார்பரோவிலிருந்து எங்கள் ஆட்கள் வான் வானாக வருவார்கள். கூலரில் ஊறப்போட்ட கோழி, பின்னால் கட்டிய சைக்கிள், பிள்ளைகளுக்கு மிதவைச் சட்டை. எல்லாரும் முஸ்கோகா ஏரிக்குத்தான் போகிறார்கள். அந்த ஏரியின் அடியில் இரண்டு விமானப்படையினர் எழுபது வருடம் கிடந்தார்கள் என்று சொன்னால், "என்ன அண்ணை, பகிடியா?" என்று கேட்கிறார்கள். பகிடி இல்லை.

1940 டிசம்பர் 13, அதுவும் ஒரு வெள்ளிக்கிழமை. கேம்ப் போர்டன் விமானப்படைப் பயிற்சித் தளத்தைச் சேர்ந்த கிளேட்டன் ஹொப்டன் என்ற பயிற்சி விமானி காணாமல் போயிருந்தார். அவரைத் தேடிப் போன விமானங்களில் இரண்டு, முஸ்கோகா ஏரிக்கு மேலே ஒன்றோடொன்று மோதின. இரண்டும் நோமட் என்ற வகை. அமெரிக்க இராணுவம் வைத்திருந்து கைமாற்றிவிட்டவை. முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் என்று இரண்டு பேர் இருக்கலாம். கீழே பனியில் எங்கேயாவது ஒரு விமானம் கிடக்கிறதா என்று தேடிக்கொண்டிருப்பவரின் கண், பக்கத்தில் வருகிற விமானத்தில் எப்படி இருக்கும்? இது என் யோசனைதான், விசாரணை முடிவு அல்ல. நான்கு பேரும் இறந்துபோனார்கள். ஹொப்டனும் உயிரோடு திரும்பவில்லை.

ஒரு விமானத்தில் இருந்த வில்லியம் கொஸ்லிங், லொயிட் பிரான்சிஸ் இருவரின் உடல்களும் அப்போதே கிடைத்துவிட்டன. மற்றதில் இருந்தவர்கள் பீற்றர் கம்பெல், டெட் பேட்ஸ். கம்பெல் பிரித்தானிய விமானப்படைக்காரர். பேட்ஸ் இங்கே குவெல்ஃப் ஊர்ப் பிள்ளை. அந்த விமானம், இலக்கம் 3521, தண்ணீருக்குள் போனது போனதுதான்.

சில தன்னார்வலர்கள் இதை விடாமல் துரத்திக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் 2010 இல் ஒன்ராறியோ மாகாணப் பொலிசின் சுழியோடிகள் ஏரிக்கடியில் அதைக் கண்டுபிடித்தார்கள். எச்சங்களை மேலே கொண்டுவந்து, 2013 இல் இருவரையும் குவெல்ஃபில் இராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அடுத்த வருடம் விமானத்தையும் தூக்கி, ட்ரென்டனில் இருக்கும் விமானப்படை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள். உடல் கிடைக்காத ஒரு வீட்டில் எழுபது வருடம் என்றால் என்னவென்று உங்கள் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் பிள்ளைகளின் படத்தைப் பிடித்தபடி இன்றைக்கும் தெருவோரத்தில் இருக்கிற அம்மாக்களை எங்களுக்குத் தெரியும்.

சரி, முஸ்கோகா தூரம் என்று வைத்துக்கொள்வோம். ரொறன்ரோவுக்கே வருகிறேன். சென்டர் தீவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் ஏறுகிற படகுகளில் ஒன்றின் பெயர் சாம் மக்பிரைட். 1939 இல் கட்டிய படகு. நோர்வேயை ஜெர்மனி பிடித்த பிறகு, நோர்வே விமானப்படை பயிற்சி முகாம் போட்டது இந்தத் துறைமுகக் கரையில்தான். 1941 ஜூன் 20 அன்று அவர்களுடைய மிதவை விமானம் ஒன்று அந்தப் படகிலேயே மோதி, விமானத்தில் இருந்த இரண்டு பேரும் இறந்துபோனார்கள். பதர்ஸ்ட் வீதி ஏரியில் முடிகிற இடத்தில் 'லிட்டில் நோர்வே' என்று ஒரு பூங்கா இருக்கிறதே, அந்தப் பெயர் இப்படி வந்ததுதான். அந்த முகாம் 1942 இல் இடம் மாறி வந்தது எங்கே தெரியுமா? எங்கள் முஸ்கோகா விமான நிலையத்துக்கு.

பொதுநலவாய நாடுகளுக்காகக் கனடா நடத்திய விமானப்படைப் பயிற்சித் திட்டத்தில் போர் முடிவதற்குள் 131,553 பேர் தேறி வெளியேறினார்கள். பாதிக்கு மேல் கனடியர்கள். மிச்சம் பிரித்தானியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இன்னும் பல இடத்துப் பொடியன்கள். பயிற்சியில் நடந்த விபத்துகளில் மட்டும் எண்ணூற்றைம்பது பேருக்கு மேல் போய்விட்டார்கள். எதிரியைக் கண்ணால் காணாமலே செத்தவர்கள். அதனால்தானோ என்னவோ, நினைவு தினப் பேச்சுகளில் இவர்கள் வருவது குறைவு. சண்டையில் செத்தால் ஒரு கணக்கு, பயிற்சியில் செத்தால் வேறு கணக்கா? ஒவ்வொரு நவம்பரும் என் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் பொப்பிப் பூப் பெட்டி கொண்டுவந்து வைக்கிற முதியவர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். அவர் பெட்டியின் மூடியைச் சரிபார்த்துக்கொண்டே, "அவர்களும் வீட்டுக்கு வரவில்லைதானே" என்றார்.

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த நவம்பர் 11 சிறப்பிதழில் அரைப் பக்கம் இவர்களுக்கு ஒதுக்குங்கள். ஹொப்டன், அவரைத் தேடிப் போய் இறந்த நால்வர் என்று அந்த ஐந்து பெயர்களையும் போடுங்கள். ஒட்டாவாவுக்கு டியூலிப் பார்க்கப் போகிற குடும்பங்களுக்கும் ஒரு குறிப்பு எழுதலாம். ரிடோ அருவிக்குப் பக்கத்தில் கிறீன் தீவில், பூமி உருண்டை வைத்த ஒரு நினைவுச் சின்னம் உண்டு. கல்லறையே இல்லாமல் போன விமானப்படையினர் ஏறத்தாழ 800 பேரின் பெயர்கள் அங்கே இருக்கின்றன. வாகனம் நிறுத்த வேறு இடம் தேடத் தேவையில்லை. அருவி பார்க்க நிறுத்துகிற இடத்திலிருந்து நடந்தே போகலாம்.

இப்படிக்கு,
காஸ் ஸ்ரேசன்காரன்,
கிரேவன்ஹர்ஸ்ட், ஒன்ராறியோ