செயலாளர் அறிக்கை: நம் பத்திரிகையாளர் சங்கத்தின் இந்த ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழுக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மற்றபடி இந்த ஆண்டு சங்கத்தின் நேரமெல்லாம் வேலை இழந்தவர்களோடுதான் போனது.

அவர்களில் பலருக்குப் பணிநீக்க உத்தரவு என்று ஒரு தாள்கூடத் தரப்படவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுங்கள், கணக்கை உடனே முடித்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட பிறகே நம்மிடம் வருகிறார்கள். அதற்கப்புறம் வாதாட இடம் குறைந்துவிடுகிறது. நள்ளிரவானாலும் சரி, கையெழுத்திடும் முன் எங்களைக் கூப்பிடுங்கள்.

வரி விளம்பரங்கள் இணையத்துக்குப் போனபோதே அச்சிதழ்களின் வருமானம் ஆட்டம் கண்டுவிட்டது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையத்தின் கணக்குப்படி, அந்நாட்டுச் செய்தித்தாள்களின் செய்திப் பிரிவுகளில் 2008இல் சுமார் 71,000 பேர் இருந்தார்கள். 2020இல் சுமார் 31,000 பேர். இணையத்தை மட்டும் நம்பி வந்தவர்களும் தப்பவில்லை. இதழியலுக்கான புலிட்சர் பரிசு வென்ற அமெரிக்க இணையச் செய்தித் தளம் பஸ்ஃபீட் நியூஸ் 2023இல் மூடப்பட்டது.

செயற்கை நுண்ணறிவு பற்றி உறுப்பினர்கள் நிறையக் கேட்கிறார்கள். நிறுவனங்களின் காலாண்டு வருவாய்ச் செய்திகளை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2014இலேயே மென்பொருளை வைத்து எழுதத் தொடங்கியது. அன்று அது ஒரு மூலையில் நடந்தது. இன்று செய்தி நிறுவனங்கள் அனுப்பும் செய்தியைச் சுருக்குவது, மெய்ப்புப் பார்ப்பது, தலைப்பு வைப்பது எல்லாம் இயந்திரத்திடம் போகின்றன. என் கவலை இதுதான்: புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலைகள் இவைதான். நாம் எல்லோரும் அங்கேதான் தொழில் பழகினோம். ஒரு பெயரின் எழுத்தைச் சரிபார்க்க இரண்டு முறை போன் போட வைத்தார்களே, அந்த மூத்த உதவி ஆசிரியர்களிடம்தான் சந்தேகப்படக் கற்றோம். செய்தியைத் திருத்தும் அந்த டெஸ்க் காலியானால் அடுத்த நிருபர் எங்கே பழகுவார்?

அதனால் மூத்த உறுப்பினர்கள் இளையவர்களுக்கு வார இறுதி வகுப்புகள் எடுக்கிறார்கள். ஆவணங்களைப் படிப்பது, போலிப் படங்களையும் குரல்களையும் கண்டுபிடிப்பது, கட்டுரைக்கான சன்மானத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குவது ஆகியவை பாடங்கள். கடைசிப் பாடத்துக்குத்தான் கூட்டம் அதிகம்.

ஒரு விஷயம் பாக்கியிருக்கிறது. வேலை போன மறுவாரம் ஒரு பெண் உறுப்பினர் வந்து, சங்க அடையாள அட்டையை என் மேசையில் வைத்தார். “முழுநேர ஊழியர்தானே சார் உறுப்பினராக இருக்க முடியும்?” என்றார். நம் விதி அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அவர் செய்தி எழுதுவதை நிறுத்தவில்லை, சம்பளம்தான் நின்றது. ஒப்பந்தத்திலும் துண்டுச் சன்மானத்திலும் உழைப்பவர்களே பெருகிவரும்போது, அவர்களை வாசலுக்கு வெளியே நிறுத்துவது பெரிய தவறு என்று நினைக்கிறேன்.

அந்த விதியைத் திருத்தும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. ஆதரித்து வாக்களியுங்கள். அவருடைய அட்டையை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்